ஊட்டத்தூர் முதல் நின்னியூர் வரை: பாறையடுக்குக்குப் பெயர் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பாறை பார்க்கக் கிளம்புகிற மாணவர்களும், பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாதிக் கேள்விகள் பாறையைப் பற்றி, மீதி பெயரைப் பற்றி. இரண்டும் வேறு வேறு விஷயம் என்பதுதான் பலரும் சறுக்கும் இடம்.

எத்தனையோ இடம் இருக்க, அரியலூரை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் சுமார் ஐந்து கோடி ஆண்டுக் கணக்கைத் தாண்டிவிடலாம். பாடாலூரை ஒட்டிய ஊட்டத்தூரில் தொடங்கி, காரை, குன்னம், அரியலூர் வழியாகச் செந்துறைப் பக்கம் நின்னியூர் வரை போனால் போதும். அடுக்குகள் மெல்லக் கிழக்கே சரிந்து படிந்திருப்பதால், மேற்கே பழையது, கிழக்கே போகப்போகப் புதியது. பாயைச் சுருட்டிச் சாய்த்து வைத்த மாதிரி இல்லை. ஓடு வேய்ந்த கூரை மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சாய்ந்து கிடக்கும்.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. பெரும்பகுதியைக் கரிசல் மூடியிருக்கிறது. பாறையைப் பார்க்க ஓடைக் கரை, கிணறு வெட்டிய இடம், சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஆகியவற்றைத் தேடிப் போகவேண்டும்.

ஒரு அடுக்கு எப்போது 'ஃபார்மேஷன்' ஆகிறது?

முதலில் சொல்லைத் தீர்த்துக்கொள்வோம். இதற்குத் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை எழுதிப் பார்த்திருக்கிறேன். களத்தில் யாரும் பயன்படுத்தவில்லை. எல்லோரும் சொல்வது ஃபார்மேஷன்தான், நானும் அப்படியே விடுகிறேன்.

ஃபார்மேஷன் என்றால், பக்கத்துப் பாறையிலிருந்து கண்ணால் பிரித்தறியக்கூடிய, வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டுக் காட்டக்கூடிய பாறைத்தொகுதி. இன்ன தடிமன் இருந்தாக வேண்டும் என்று விதி கிடையாது. சில மீட்டரும் இருக்கலாம், ஆயிரம் மீட்டரையும் தாண்டலாம். மேலே என்ன, கீழே என்ன, எங்கே முடிகிறது என்று இன்னொருவர் போய்ப் பார்த்து ஒத்துக்கொள்ளும்படி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

குரூப், மெம்பர் என்பதெல்லாம்?

படிநிலை. ஒன்றோடொன்று உறவுள்ள ஃபார்மேஷன்கள் சேர்ந்தால் குரூப். ஒரு ஃபார்மேஷனுக்குள் தனித்துத் தெரியும் பகுதி மெம்பர். அதற்கும் கீழே, தனியாகக் குறிப்பிடத் தகுந்த ஒற்றை அடுக்கு பெட். காரை ஃபார்மேஷனுக்குள் ஒதியம் மெம்பர், குன்னம் மெம்பர் என்று பிரித்திருக்கிறார்கள். எல்லா ஃபார்மேஷனையும் மெம்பராக உடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேவைப்பட்டால் மட்டும்.

இந்தப் பெயர்களை முதலில் வைத்தது யார்?

அடித்தளம் போட்டவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் இருந்தவர். தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பாறைகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1862ல் வந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக மூன்று குரூப்பாக அவர்தான் பிரித்தார். அதற்கு முன்பே கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கம் சேகரித்த கிளிஞ்சல்களையும் அம்மோனைட்களையும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்கள்) லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் விவரித்திருந்தார். பிளான்ஃபோர்டுக்குப் பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அந்தப் புதைபடிவங்களைப் பெரிய தொகுதிகளாக எழுதினார்.

நூற்று அறுபது வருடத்துக்குப் பிறகும் பிளான்ஃபோர்டின் மூன்று பிரிவுகள் நிற்கின்றன. காரணம், அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்டுப் பிறகு பெயர் வைத்தார். அவருடைய வயதுக் கணிப்புகள் திருத்தப்பட்டன, பிரிவுகளுக்குள் புதுப் பிரிவுகள் வந்தன. பாறையைப் பற்றி எழுதிய வரிகள் இன்றும் களத்தில் கைகொடுக்கும்.

ஏன் ஊர்ப்பெயர்? 'சிவப்பு மணற்கல்' என்றே வைத்தால் என்ன?

சிவப்பு மணற்கல் உலகம் முழுக்க இருக்கிறது. பாறையின் குணத்தை மட்டும் பெயராக்கினால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாது. புதைபடிவத்தின் பெயரை வைத்தால், நாளைக்கு அதே சிப்பி வேறு அடுக்கிலும் கிடைக்கும். 'ஆழ்கடல் மணற்கல்' என்று எப்படி உருவானது என்பதைப் பெயரில் ஏற்றினால், பத்து வருடத்தில் அது ஆழ்கடலே இல்லை என்று ஒருவர் நிரூபிப்பார். ஊர்ப்பெயருக்கு இந்த ஆபத்து இல்லை. கல்லங்குறிச்சி என்றால் கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பார்க்கலாம்.

ஊர்ப்பெயரோடு பாறை வகையையோ படிநிலையையோ சேர்ப்பது மரபு. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் என்றாலும் சரி, கல்லங்குறிச்சி ஃபார்மேஷன் என்றாலும் சரி. ஒரே ஊர்ப்பெயரை இரண்டு தொகுதிகளுக்கு வைக்கக்கூடாது. அரியலூர் என்ற பெயரை குரூப்புக்குக் கொடுத்தாயிற்று. அதற்குள் இருக்கும் ஃபார்மேஷன்களுக்குச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று சிற்றூர்களைத் தேடிப் போகவேண்டி வந்தது இதனால்தான். வெளியூரில் யாருக்கும் தெரியாத ஊர்கள், புவியியல் படித்தவர்கள் வாயில் உலகம் முழுக்க உருள்கின்றன.

ஊரின் பெயரே மாறிவிட்டால்?

எனக்குப் பிடித்த கேள்வி. பதில் கல்லக்குடியில் இருக்கிறது.

கல்லக்குடியில் சுண்ணாம்புக்கல்லை நம்பி டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயர் விழுந்தது. அதை மாற்றக் கோரித் தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய போராட்டம் தமிழ்நாடு அறிந்தது. மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது அப்போதுதான். பிற்பாடு நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம் என்று மாறியது. ஆனால் அங்கே இருக்கும் பவளமும் பாசியும் கலந்த சுண்ணாம்புக்கல்லை உள்ளடக்கிய தொகுதிக்கு ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் டால்மியாபுரம் ஃபார்மேஷன் என்றுதான் பெயர். போராட்டம் முடிந்து பதினாறு வருடம் கழித்து, 1969ல் வைத்த பெயர்!

அரசியல் உணர்வோடு பார்த்தால் இது உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் விதி தெளிவாக இருக்கிறது: ஊரின் பெயர் மாறினாலும் பாறையின் பெயர் மாறாது. இதற்கு உலகளவில் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ளது. மாக் சங்க் என்ற ஊர் 1954ல் ஜிம் தார்ப் என்ற விளையாட்டு வீரரின் பெயருக்கு மாறியது. மாக் சங்க் என்ற பாறைத்தொகுதி அப்படியே இருக்கிறது. நம் பக்கத்திலும் தேடினால் கிடைக்கும். பரங்கிப்பேட்டையைப் போர்ட்டோநோவோ என்று சொல்வார் இன்று அரிது. காவிரிப் படுகையின் நிலத்தடியில் போர்ட்டோநோவோ களிக்கல் இருக்கிறது. கேரளத்தில் குயிலான் என்று ஆங்கிலேயர் எழுதிய ஊர் கொல்லமாகிவிட்டது, பாறை இன்னும் குயிலான். வர்கலா கடற்கரைச் செங்குத்துப் பாறையின் அடுக்குகள் வர்க்கல்லி.

மாற்றினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். நூறு வருடக் கட்டுரைகள், வரைபடங்கள், அருங்காட்சியகச் சீட்டுகள், கிணற்றுப் பதிவுகள் எல்லாவற்றிலும் பழைய பெயர் இருக்கிறது. ஒருமுறை மாற்றினால் ஒவ்வொரு தலைமுறையும் இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்யவேண்டும்.

எழுத்து பேதம் ஏன் இவ்வளவு?

தமிழ்ப் பெயரை ஆங்கிலக் காதால் கேட்டு எழுதிய விளைவு. பிளான்ஃபோர்டின் காலத்து எழுத்தில் ஊட்டத்தூரும் அரியலூரும் ஓகாரமும் ரகர இரட்டிப்புமாகத் தெரியும். கொளக்காநத்தம் புத்தகத்தில் குலக்கல்நத்தம் என்று வாசிக்கும்படி இருக்கிறது. புத்தகப் பெயரை வைத்துக்கொண்டு அந்த ஊரில் வழி கேட்டால் பேருந்து நடத்துனரே முழிப்பார். புதுச்சேரி பக்கத்து வழுதாவூருக்கும் இதே கதிதான்.

ஆங்கிலத்தில் எழுதும்போது நிலைத்துப்போன எழுத்தை மாற்றாதீர்கள். தமிழில் எழுதும்போது ஊர்க்காரர்கள் எழுதுகிறபடி எழுதுங்கள்.

திருச்சிராப்பள்ளி குரூப் என்றால் மலைக்கோட்டைப் பாறையா?

இல்லவே இல்லை. மலைக்கோட்டை பல கோடி ஆண்டு பழைய கடினப் பாறை. படிவுப் பாறையே அல்ல. அன்றைய திருச்சி மாவட்டத்தின் பெயரைத்தான் குரூப்புக்கு வைத்தார்கள். அந்தப் பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் கருடமங்கலம் பக்கம் போங்கள். அங்கே கிளிஞ்சல் நெருக்கமாகப் பதிந்த சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றி 'திருச்சி மார்பிள்' என்று விற்றார்கள். அது மார்பிளும் இல்லை, திருச்சியும் இல்லை.

சரி, ஒரு அடுக்கை எப்படி விவரித்து எழுதுவது?

பெயரை மறந்துவிட்டு ஆரம்பியுங்கள். 'இது சில்லக்குடி ஃபார்மேஷன்' என்று நோட்டில் முதல் வரி எழுதியவுடன் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். சில்லக்குடியில் என்னென்ன இருக்கவேண்டும் என்று படித்தீர்களோ அதைத்தான் பார்ப்பீர்கள்.

முதலில் தள்ளி நின்று மொத்த வெட்டுமுகத்தையும் ஒரு படம் வரையுங்கள். கைபேசிப் புகைப்படம் கூடுதலாக இருக்கட்டும். வரையும்போதுதான் எல்லைக்கோடு எங்கே என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். பிறகு கீழிருந்து மேலே வாருங்கள். படிந்த வரிசை அதுதானே. 1669ல் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற அறிஞர் சொன்ன விதிக்கு மேல் இதற்கு ஒன்றும் தேவையில்லை: புரட்டிப்போடாத வரை, கீழே இருப்பது முந்தியது.

ஒவ்வொரு அடுக்கிலும் நிறத்தைப் பாருங்கள், ஆனால் சுத்தியலால் உடைத்த புதுமுகத்தில். வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் பொய் சொல்லும். அடுத்தது மணியின் அளவு. 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சரளை; 2 மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வரை மணல்; அதற்குக் கீழே வண்டல், களி. வண்டலையும் களியையும் கண்ணால் பிரிக்க முடியாது. துளியூண்டு எடுத்து முன்பல்லில் கடித்துப் பாருங்கள்: நறநறத்தால் வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. மணிகள் ஒரே அளவா, கலந்தடித்ததா? உருண்டையா, கூர்முனையா? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்குகிறதா? பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

அடுக்கின் தடிமனைக் கண்மதிப்பில் எழுதாதீர்கள், டேப் வைத்து அளந்து எழுதுங்கள். 1 சென்டிமீட்டருக்குக் குறைவானதை அடுக்கு என்று சொல்வதில்லை, அது மென்படலம். 10 முதல் 30 சென்டிமீட்டர் நடுத்தரம். 30க்கு மேல் தடித்தது. அடுக்கின் சாய்வையும் அது எந்தத் திசையில் என்பதையும் திசைகாட்டியால் எடுங்கள். சாய்ந்த அடுக்கில் டேப்பை நேராகத் தொங்கவிட்டு அளந்தால் தடிமன் கூடுதலாக வரும். அடுக்குக்குச் செங்குத்தாகத்தான் அளக்கவேண்டும்.

எல்லாரும் தவறவிடுவது இரண்டு அடுக்குகளுக்கு இடையிலான தொடுகோடு. கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கிறதா, சிறிது சிறிதாக மாறுகிறதா, கீழடுக்கை அரித்துவிட்டு மேலடுக்கு உட்கார்ந்திருக்கிறதா? அரிப்பு என்றால் அங்கே காலம் தொலைந்திருக்கிறது. ஊட்டத்தூர் குரூப்புக்கும் திருச்சிராப்பள்ளி குரூப்புக்கும் நடுவில் இப்படி ஒரு முறிவு உண்டு; பிளான்ஃபோர்ட் இரண்டையும் பிரித்ததற்கு அதுவும் காரணம்.

கடைசியாக, மாதிரி எடுத்தால் எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போடுங்கள். நான் போடாமல் கொண்டுவந்த ஒரு பை கல் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. எதற்கும் உதவாது.

காரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பளபளக்கும் தகடுகள் ஒரு அடுக்கா?

அது ஜிப்சம். படித்த காலத்தில் நானும் அதை அடுக்கு என்று எண்ணித் தடிமன் அளந்திருக்கிறேன். களிமண் படிந்து முடிந்த பிறகு விரிசல்களில் வளர்ந்தது அது; அதனால்தான் அடுக்குகளை வெட்டிக்கொண்டு எல்லாத் திசையிலும் ஓடுகிறது. வெட்டுகிறது என்றால் பிந்தியது. விவரிப்பில் எழுதுங்கள், அடுக்கு எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். காரையின் களிமண்ணில் தேடவேண்டியவை அம்மோனைட்களும், துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் கிடக்கும் பெலம்னைட்களும்தான்.

ஃபார்மேஷன் பெயர் தெரிந்தால் வயதும் தெரிந்த மாதிரிதானே?

இந்த எண்ணம்தான் பாதிக் குழப்பத்துக்கு வேர். மூன்று தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றில் பாறை: மணற்கல், களி, சுண்ணாம்புக்கல். இன்னொன்றில் உயிர்: எந்த அம்மோனைட் எங்கே தொடங்கி எங்கே மறைகிறது. மூன்றாவதில் காலம். ஃபார்மேஷன் முதல் புத்தகத்தில் மட்டும் வரும். மாஸ்ட்ரிக்டியன், டேனியன் போன்ற பெயர்கள் மூன்றாவதில். மாஸ்ட்ரிக்டியன் சுமார் 7.2 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6.6 கோடியில் முடிகிறது, உலகின் எந்த மூலையிலும்.

பாறைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. இன்றைய கொள்ளிடம் முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். கரையில் மணல் படிகிறது. பக்கத்திலேயே பிச்சாவரம் சதுப்பில் சேறு படிகிறது. கடலுக்குள் போனால் நுண்களி. மூன்றும் ஒரே நேரத்தில். கடல் மெல்ல உள்ளே ஏறினால் மணல் வரம்பும் கூடவே உள்ளே நகரும். பல ஆயிரம் வருடம் கழித்து வெட்டிப் பார்ப்பவருக்கு ஒரே தொடர்ச்சியான மணல் அடுக்காகத் தெரியும். ஆனால் கிழக்கு முனை பழையது, மேற்கு முனை புதியது. ஒரு ஃபார்மேஷன், இரண்டு வயது.

காலப் பெயர்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. டேனியன் என்றால் டென்மார்க்கைச் சேர்ந்தது. ஆனால் அதன் தொடக்கத்தைக் குறிக்கும் உலக அடையாளப் புள்ளி இருப்பது துனிசியாவின் எல் கெஃபில்.

நின்னியூர் ஏன் தனியாக நிற்கிறது?

பிளான்ஃபோர்ட் அதை அரியலூர் குரூப்புக்குள்தான் வைத்திருந்தார். பிறகு வந்தவர்கள் அங்கே அம்மோனைட்டே இல்லை என்பதையும், ஐரோப்பாவின் டேனியன் அடுக்குகளில் கிடைக்கும் நாட்டிலஸ் (அம்மோனைட்டைப் போலச் சுருள் ஓடுள்ள கடலுயிர்) வகை இருப்பதையும் கவனித்தார்கள். அதாவது அம்மோனைட்களும் டைனோசர்களும் அழிந்த பிறகான பாறை. அதற்கு அடியில், கல்லமேட்டில், ஆறு கொண்டுவந்த மணலும் களியும். டைனோசர் எலும்பு கிடைத்தது அங்கேதான். கல்லங்குறிச்சியில் கடல், கல்லமேட்டில் நிலம், நின்னியூரில் மறுபடி கடல்.

அந்த டைனோசர்?

புருகத்காயோசாரஸ். 1987ல் ஊனுண்ணி என்று விவரித்தார்கள்; பின்னால் நீள்கழுத்துத் தாவரஉண்ணி என்று மாற்றிக்கொண்டார்கள். எலும்புகள் ஈரத்தில் உதிர்ந்துபோய்விட்டன. இனி யாரும் சரிபார்க்க முடியாது என்பதால் அதன் அளவைப் பற்றி அடிபடும் எண்களை நான் சொல்வதில்லை.

சாத்தனூர் கல்மரம் எந்த அடுக்கு?

திருச்சிராப்பள்ளி குரூப். 18 மீட்டருக்கும் நீளமான மரம், 1940ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டது. அது அங்கே வளர்ந்த மரம் அல்ல. கரையிலிருந்து ஆறு அடித்துவந்து கடலடிச் சேற்றில் புதைந்தது. அதனால் அடுக்கை விவரிக்கும்போது 'காடு' என்று எழுதிவிடாதீர்கள். திருவக்கரை கல்மரங்கள் வேறு கணக்கு: அவை கடலூர் மணற்கல்லில் கிடப்பவை, மிகவும் பிந்தியவை.

ஆண்டிமடம், புவனகிரி என்றெல்லாம் ஃபார்மேஷன் சொல்கிறார்கள். அங்கே பாறையே தெரியவில்லையே?

தெரியாது. அவை எண்ணெய்க் கிணறுகளில் மட்டும் பார்த்தவை. காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி துளையிட்டபோது, நிலமட்டத்தில் வெளிப்படாத ஏராளமான அடுக்குகள் வந்தன. ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம் என்று பெயர் வைத்தார்கள். இவற்றுக்கு மாதிரி வெட்டுமுகம், அதாவது இந்தப் பெயர் இந்தப் பாறைக்குத்தான் என்று அடையாளம் காட்டும் இடம், என்பது ஒரு கிணறும், அதில் எடுத்த துகள்களும், மின்தடை, காமாக்கதிர் பதிவுகளும்தான். மேலே தெரியும் காரையும் கீழே துளைத்த ஏதோ ஒன்றும் ஒரே பாறையா என்ற வாதம் வந்தால், அவசரப்பட்டு ஒரே பெயரைப் போடாமல் இரண்டையும் தனியே வைத்திருப்பது நல்லது. பின்னால் சேர்ப்பது எளிது. தவறாகச் சேர்த்ததைப் பிரிப்பதுதான் பாடு.

மாதிரி வெட்டுமுகத்தைச் சுரங்கம் தின்றுவிட்டால்?

அரியலூரில் இது கற்பனைக் கேள்வி இல்லை. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் சிமெண்ட்டாகிக்கொண்டே இருக்கிறது. சுரங்கம் வெட்டியதால்தான் சிப்பிப் படுகைகள் அவ்வளவு அழகாக வெளித்தெரிந்தன. அதே சுரங்கம்தான் அவற்றைக் கொண்டும் போகிறது. முதல் இடம் அழிந்தால், அதே தொகுதியில் இன்னொரு நல்ல இடத்தைப் புது மாதிரி வெட்டுமுகமாக அறிவிக்க விதி இடம் தருகிறது. பெயர் பழையதே நீடிக்கும். ஆனால் பழைய விவரிப்பு நன்றாக எழுதப்பட்டிருந்தால்தான் புது இடம் அதே பாறைதான் என்று சொல்லமுடியும்.

நான் ஒரு புது அடுக்கு கண்டுபிடித்தேன். பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், அவசரம் வேண்டாம். முதலில் அது ஏற்கெனவே பெயருள்ள ஒன்றின் பக்கவாட்டு மாற்றமா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால் ஊர்ப்பெயர் ஒன்றைத் தேர்ந்து, அது வேறெங்கும் பயன்படவில்லை என்று உறுதிசெய்து, மாதிரி வெட்டுமுகம், மேல்கீழ் எல்லை, தடிமன், பரப்பு, அண்டை அடுக்குகளோடு உறவு எல்லாவற்றையும் அச்சில் வெளியிடவேண்டும். ஆய்வேட்டில் மட்டும் போட்டுவிட்டு அலமாரியில் பூட்டிய பெயர் செல்லாது. இந்தியாவுக்கென்று 1971ல் வெளியான பெயரிடல் விதித்தொகுப்பும், 1976ல் முதல் பதிப்பு கண்ட சர்வதேச வழிகாட்டியும் இருக்கின்றன. இரண்டும் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்.

போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், திசைகாட்டி, டேப், அமிலச் சொட்டுப்புட்டி, பென்சில், தொப்பி, நிறையத் தண்ணீர். காரையில் நிழல் கிடையாது. சுரங்கத்துக்குள் போக முன்அனுமதி வாங்குங்கள். புதைபடிவத்தை அள்ளிவராமல், இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாத அம்மோனைட் மேசை அலங்காரத்துக்குத்தான் ஆகும். கையில் தொட்டுப் பார்த்தே தீரவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், வாரணவாசி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் அங்கே கேட்டுப் பாருங்கள்.